பரோக் எட்சிங்கில் ஓர் இளைஞன்: முகத்தைக் கடைசியில் பாருங்கள்

பழைய உருவப்படம் ஒன்றைக் காட்டினால் எல்லோருடைய கண்ணும் முதலில் முகத்துக்குத்தான் போகும். "பாவம், ஏதோ கவலை போலிருக்கிறது", "கொஞ்சம் கர்வக்காரன்", "கண்ணில் ஒரு கனவு தெரிகிறது" என்று அரை நிமிடத்துக்குள் தீர்ப்பும் வந்துவிடும். பதினேழாம் நூற்றாண்டு, அதாவது பரோக் கால, எட்சிங் படங்களை இப்படிப் பார்த்துவிட்டு நகர்ந்தால் இழப்பு நமக்குத்தான். அந்த முகம் செப்புத் தகட்டில் அமிலம் அரித்த சில நூறு கோடுகளால் ஆனது. கலைஞன் அந்தக் கோடுகளை எங்கே நெருக்கினான், எங்கே விட்டுவைத்தான், படத்தில் இருப்பவன் தன்னை எப்படிக் காட்டச் சொன்னான் என்பதையெல்லாம் கவனித்த பிறகு பார்த்தால் முகம் வேறாகத் தெரியும். எனவே இந்த வழிகாட்டியில் முகத்தைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். டச்சுக் கலைஞர் ரெம்பிராண்ட் 1647இல் செய்த யான் சிக்ஸ் உருவப்படம் அது. ஆம்ஸ்டர்டாமில் சாயத்தொழிலும் துணி வணிகமும் செய்த செல்வக் குடும்பத்துப் பிள்ளை யான் சிக்ஸ். 1618 ஜனவரியில் பிறந்தவர். படம் அச்சான ஆண்டில் வயது 29. ஜன்னலில் சாய்ந்து நின்று ஏதோ படித்துக்கொண்டிருக்கிறார். படத்தின் உயரம் ஏறத்தாழ 24 செ.மீ., அகலம் 19 செ.மீ. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் ஆகியவற்றின் இணையத்தளங்களில் ரெம்பிராண்டின் எட்சிங்குகளைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கைப்பேசித் திரை போதாது, கணினி வேண்டும்.

1. தகடு எப்படித் தயாராகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதை விட்டுவிட்டால் பின்னால் வரும் எதுவும் பிடிபடாது. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த பூச்சை மெல்லியதாகப் பரப்புவார்கள். கோடு போடுவது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைப் புகை காட்டிக் கருப்பாக்குவதும் உண்டு. ஊசியால் வரைந்தால் பூச்சு மட்டும் விலகி, அடியில் செம்பு பளிச்சென்று தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டதும் பூச்சு விலகிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். நேரம் கூடினால் பள்ளம் ஆழமாகும், அச்சில் கோடு கருமையாகும். மெல்லியதாகவே இருக்க வேண்டிய கோடுகள் போதுமான அளவு அரிந்ததும், அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு மற்றவற்றைத் திரும்ப அமிலத்தில் விடுவார்கள். கடைசியில் பூச்சைக் கழுவி, மையைப் பள்ளங்களுக்குள் தேய்த்து ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரப்படுத்திய தாளை வைத்து உருளை அச்சுப் பொறியில் அழுத்தி எடுப்பார்கள். தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளமாகப் பதியும். அதற்குத் தகட்டுத் தடம் என்று பெயர்.

பாரிஸ் நகரத்து அப்ரகாம் போஸ் 1645இலேயே இந்த வேலையை விளக்கி ஒரு கையேடு வெளியிட்டார். அதாவது ரெம்பிராண்ட் சிக்ஸைத் தகட்டில் ஏற்றிய காலத்தில் எட்சிங் யாரோ சிலர் காத்துவைத்த ரகசியம் அல்ல, அச்சான கையேடு உள்ள தொழில். அந்தத் தொழிலை ஒருவர் எவ்வளவு தூரம் இழுத்துப் போக முடியும் என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

2. மூன்று வகைக் கோடுகளைப் பிரித்தறியுங்கள்

படத்தை முடிந்த மட்டும் பெரிதாக்குங்கள். இப்போது முகம், ஜன்னல், நாற்காலி எல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் மிஞ்சும். அதுதான் நமக்கு வேண்டும்.

அமிலம் அரித்த கோடு தொடக்கம் முதல் முடிவு வரை கிட்டத்தட்ட ஒரே தடிமனில் ஓடும், முனை மொட்டையாக நிற்கும். ஊசி மெழுகின் மேல் வழுக்கிச் செல்வதால் கை போன போக்கில் வளையும், பேனாவால் கிறுக்கியது போலவே இருக்கும். உளியால் செம்பை நேரடியாகச் செதுக்கினால் கதை வேறு. உளிக்கோடு மெல்லியதாகத் தொடங்கி, நடுவில் பருத்து, கூர்முனையில் முடியும்; விளிம்புகள் சுத்தமாக இருக்கும். மூன்றாவது வகை டிரைபாயின்ட். அமிலமே இல்லாமல் கூர் ஊசியால் செம்பைக் கீறுவது அது. கீறும்போது உழுத நிலத்தில் மண் ஒதுங்குவதுபோல் கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால் அச்சில் கோட்டைச் சுற்றி வெல்வெட் போன்ற கருமை படரும். ஆனால் அச்சுப்பொறியின் அழுத்தம் அந்தப் பிசிறைச் சீக்கிரமே நசுக்கிவிடும். முதலில் எடுத்த படிகளுக்கு மட்டுமே அந்த மென்மை கிடைக்கும்.

சிக்ஸ் படத்தில் ரெம்பிராண்ட் மூன்றையும் கலந்திருக்கிறார். அறையின் இருண்ட மூலைகளைத் தூரத்தில் இருந்து பார்த்தால் மை பூசியது போலத் தெரியும். பெரிதாக்கினால் கோட்டின் மேல் கோடு, அதன் மேல் குறுக்குக் கோடு என்று அடுக்கடுக்காக வலை பின்னியிருப்பது தெரியும். 1642இல் லுட்விக் ஃபான் சீகன் வெளியிட்ட மெசோடின்ட் முறையில், தகட்டின் பரப்பைச் சொரசொரப்பாக்கி இதுபோன்ற கருமையை எளிதாகப் பெறலாம். ரெம்பிராண்ட் கோடுகளை மட்டுமே வைத்து அந்த ஆழத்தை எட்டியிருக்கிறார். இதற்குச் செலவான பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

உங்களுக்கு ஒரு பயிற்சி. படத்தில் எந்த இடத்தில் கோடே இல்லை என்று தேடுங்கள். கையில் உள்ள தாள், ஜன்னல் திறப்பு, சட்டைக் கழுத்து, முகத்தின் சில பகுதிகள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடு போடாமல் விட்டதும் கலைஞனின் முடிவுதான். எட்சிங்கில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்பது தாளின் நிறம்.

3. இடவலத்தை மாற்றிப் பாருங்கள்

தகட்டில் வலப்பக்கம் இருப்பது அச்சில் இடப்பக்கம் வரும். ஓர் ஓவியத்தை அப்படியே தகட்டில் நகலெடுத்து அச்சிட்டால், படத்தில் உள்ளவர் வாளை வலது இடுப்பில் செருகியிருப்பார், இடது கையால் எழுதுவார். பழைய அச்சுப்படங்களில் இப்படி ஏதாவது விசித்திரம் கண்ணில் பட்டால், வேறொரு படத்தைப் பார்த்துச் செய்த நகலாக இருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கலைஞன் தன்னையே வரைந்தால் இன்னொரு சுவையான விளைவு உண்டு. கண்ணாடி ஒருமுறை இடவலத்தை மாற்றிக் காட்டுகிறது. அச்சு அதைத் திரும்ப மாற்றிவிடுகிறது. ஆக, கண்ணாடியைப் பார்த்து நேரே தகட்டில் வரைந்த தன்னுருவப் படத்தின் அச்சில், ஊரார் பார்த்த முகமே நமக்கும் கிடைக்கிறது.

எழுத்தையும் தகட்டில் இடவலம் மாற்றித்தான் எழுத வேண்டும். சிக்ஸ் படத்தின் இரண்டாம் நிலையில் (தகட்டை மாற்றி மீண்டும் அச்சிடும் ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலை) கையெழுத்தோடு ஆண்டையும் பொறித்த ரெம்பிராண்ட், 1647இல் உள்ள 6, 4 ஆகிய இரு இலக்கங்களையும் திசை மாறிப் போட்டுவிட்டார். அடுத்த நிலையில் அதைத் திருத்தினார். அத்தனை நுணுக்கமான வலையைப் பின்னிய கை இரண்டு இலக்கங்களில் தடுமாறியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதர் மீது பிரியம் கூடுகிறது.

4. வெளிச்சம் எந்த வழியாக வருகிறது?

பரோக் காலக் கலையில் ஒளி ஒரு பாத்திரம். எட்சிங்கைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். வெளிச்சம் எங்கிருந்து கிளம்புகிறது? முதலில் எதன் மேல் விழுகிறது? அங்கிருந்து எங்கே போகிறது? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை.

சிக்ஸுக்கு வெளிச்சம் முதுகுப்புற ஜன்னலில் இருந்து வருகிறது. உருவப்படத்துக்கு இது ஆபத்தான ஏற்பாடு. முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டுபோகும் என்பது புகைப்படம் எடுத்த எவருக்கும் தெரியும். ஆனால் தோளைத் தாண்டி வந்த வெளிச்சம் அவர் கையில் விரித்துப் பிடித்திருக்கும் தாளில் விழுகிறது. அந்தத் தாள் அதைத் திருப்பி முகத்தின் மேல் வீசுகிறது. முகத்தில் நாம் பார்ப்பது வெயில் அல்ல, தாளிலிருந்து எதிரொளித்த வெளிச்சம். அதனால்தான் அங்கே கடுமையான நிழல் விளிம்புகள் இல்லை, மெல்லிய கோடுகளாலான ஒரு மூட்டம் மட்டுமே இருக்கிறது. என் பார்வையில் இந்தப் படத்தின் நாயகன் அந்தத் தாள்தான். படிக்கும் மனிதனின் முகத்துக்குப் படிக்கும் பொருளே ஒளி தருகிறது என்பதைச் சொல்லுக்கு இடமே இல்லாமல் காட்டிவிட்டார்.

5. பொருள்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளில், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். அர்த்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிக்ஸ் படத்தில் எனக்குக் கிடைக்கும் பட்டியல்: கழற்றி வைத்த வாளும் அதன் வாரும், சுவரில் ஓர் ஓவியம், அதைப் பாதி மறைக்கும் திரை, முன்புறத்தில் ஒரு நாற்காலி, அதன் மேல் புத்தகங்கள், ஜன்னல் திரை, தளர்ந்து திறந்த சட்டைக் கழுத்து, தொப்பி இல்லாத தலை.

இனி ஒவ்வொன்றையும் அக்கால வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். விலையுயர்ந்த ஓவியங்களைத் தூசியில் இருந்தும் வெளிச்சத்தில் இருந்தும் காக்க ஹாலந்து வீடுகளில் திரை போட்டு வைப்பது வழக்கம். எனவே இந்த வீட்டுக்காரர் கலைப்பொருள் சேகரிப்பவர். வாள் அந்தஸ்தின் அடையாளம், அது இருக்கிறது, ஆனால் இடுப்பில் இல்லை. புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில். வணிகக் குடும்பம் என்று சொல்லக்கூடிய கணக்குப் பேரேடோ, தராசோ, துணிச் சுருளோ எங்கும் இல்லை. எது இல்லை என்பதையும் பட்டியலில் சேருங்கள். இளைஞர் உருவப்படங்களில் அந்த வரிதான் பல நேரம் அதிகம் பேசும். சிக்ஸ் தன்னைக் கனவானாகவும் இலக்கியவாதியாகவும் காட்டிக்கொள்ள விரும்பியிருக்கிறார் என்ற முடிவுக்கு இந்தப் பட்டியலில் இருந்தே வந்துவிடலாம். மறு ஆண்டே, 1648இல், அவர் எழுதிய மெடியா நாடகம் அச்சானது. அதற்கு முகப்புப் படம் செய்து கொடுத்தவரும் ரெம்பிராண்ட்தான். அதற்காக, படத்தில் அவர் படிப்பது அந்த நாடகத்தின் கையெழுத்துப் படிதான் என்று எழுதிவிடாதீர்கள். தாளில் என்ன இருக்கிறது என்று படம் சொல்லவில்லை.

மண்டை ஓடு, மணற்கடிகாரம், வாடும் பூ என்று எதையாவது இளைஞன் கையில் கண்டால் அது நிலையாமையை நினைவூட்டும் மரபு. அவனுக்கு நோய் என்றோ சாவு நெருங்கிவிட்டது என்றோ பொருள் கொள்ள வேண்டாம். கையுறையைக் கழற்றிப் பிடித்திருந்தால் கனவான் பாணி. கன்னத்தில் கை என்றால் சிந்தனையும் மனச்சோர்வும் கலந்த நிலைக்கான பழைய குறியீடு.

6. நிற்கும் விதம் யாரிடம் கடன் வாங்கியது?

இங்கே சிக்ஸைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ரெம்பிராண்டின் 1639ஆம் ஆண்டுத் தன்னுருவ எட்சிங்கைத் திறந்துகொள்ளுங்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த கலைஞர் ஒரு கல் திண்டின் மேல் முழங்கையை ஊன்றி, சாய்ந்த வெல்வெட் தொப்பியோடு நம்மைப் பார்க்கிறார். இந்தத் தோரணை தற்செயலாக வந்ததல்ல. அந்த ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில், இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த, காஸ்டிலியோனே என்ற எழுத்தாளரின் உருவப்படம் ஏலத்துக்கு வந்தது. ரெம்பிராண்ட் அதைப் பார்த்து அவசரமாக ஒரு குறிப்போவியம் எடுத்து, அது 3,500 கில்டருக்கு (டச்சு நாணயம்) விலைபோனதையும் ஓரத்தில் எழுதி வைத்தார். அந்தத் தாள் இப்போது வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரஃபேலின் படத்தை ஏலத்தில் எடுத்த அல்ஃபோன்சோ லோபஸிடமே இன்னொரு இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த, பெரிய பட்டுக்கை உடுத்த மனிதனின் படமும் இருந்தது. திண்டில் ஊன்றிய கை அங்கிருந்து வந்தது. உடையும் 1639இல் யாரும் தெருவில் உடுத்தியதல்ல, அதற்கு நூறு ஆண்டு முந்தைய பாணி.

இதையெல்லாம் அறியாமல் பார்த்தால் "தன்னம்பிக்கை மிக்க இளைஞர்" என்று எழுதுவோம். அறிந்த பிறகு, இத்தாலியப் பேராசான்களின் வரிசையில் எனக்கும் இடம் உண்டு என்று செப்பில் எழுதிய உரிமைக் கோரிக்கையாக அது தெரிகிறது. எந்த உருவப்படத்தைப் பார்த்தாலும், இதே போல நிற்பவர் வேறு யார் என்று தேடிப் பாருங்கள். உடை அக்கால நடப்பா, நாடக வேடமா என்றும் கேளுங்கள்.

சிக்ஸ் விஷயத்தில் இன்னொரு கொடை இருக்கிறது: முன்வரைவுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றில் சிக்ஸ் ஜன்னலில் சாய்ந்து நிற்க, ஒரு நாய் அவர் மேல் தாவுகிறது. அவர் முகம் நம்மை நோக்கியிருக்கிறது. அந்த யோசனை கைவிடப்பட்டது. நாயும் போனது, பார்வையும் போனது. அந்த இடத்துக்குத் தாள் வந்தது. கைவிட்டதை அறிந்தால், வைத்துக்கொண்டதன் எடை கூடுகிறது.

7. எழுத்துகளையும் நிலைகளையும் படியுங்கள்

அச்சுப்படத்தின் அடியில் உள்ள லத்தீன் சுருக்கங்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஃபெசிட் என்றால் இவர் செய்தார். பின்க்ஸிட் என்றால் மூல ஓவியத்தை வரைந்தவர். ஸ்கல்ப்சிட் என்றால் தகட்டில் செதுக்கியவர். எக்ஸ்குடிட் என்றால் வெளியிட்டவர். பெயருக்குப் பக்கத்தில் ஏஈ என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது வயது. இந்த நான்கைந்தைத் தெரிந்துகொண்டாலே, கலைஞரே யோசித்துச் செய்ததா, வேறொருவரின் ஓவியத்தைப் பார்த்துச் செய்ததா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

தகட்டில் ஏதாவது மாற்றம் செய்து மீண்டும் அச்சிட்டால் அது புதிய நிலை. சிக்ஸ் தகட்டின் முதல் நிலையில் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை, பின்னர் ஜன்னல் விளிம்பு மாறியது, கையெழுத்து வந்தது, அதற்குப் பிறகே பெயரும் வயதும் வந்தன. ஆக, முதல் படிகளைப் பெற்றவர்களுக்கு இவர் யார் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. அருங்காட்சியகக் குறிப்பில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று போட்டிருப்பதைத் தவறாமல் பாருங்கள். ஆடம் பார்ட்ஷ் 1797இல் வெளியிட்ட ரெம்பிராண்ட் எட்சிங்குகளின் பட்டியலில் இந்தப் படத்தின் எண் 285. அந்த எண்ணைக் கொண்டு தேடினால் வெவ்வேறு நாடுகளில் உள்ள படிகளை ஒன்றாகத் திரட்டிவிடலாம்.

8. தாள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கொண்டுவந்த ஜப்பானியத் தாளை ரெம்பிராண்ட் பயன்படுத்தத் தொடங்கியது இந்தப் படம் உருவான காலத்தில்தான். இளமஞ்சள் நிறம், பட்டுப் போன்ற மேற்பரப்பு. ஐரோப்பிய வெள்ளைத் தாளில் உள்ள படியையும் ஜப்பானியத் தாளில் உள்ள படியையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பாருங்கள். அறையின் வெப்பநிலையே மாறியது போல இருக்கும்.

விலைக்கு வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தகட்டுத் தடம் இருக்கிறது என்பதாலேயே பழைய அச்சு என்று நம்பிவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் அமான் துராண் புகைப்பட முறையில் செப்புத் தகடு செய்து ரெம்பிராண்டின் எட்சிங்குகளை மிகத் திறமையாக நகலெடுத்தார். அவற்றிலும் தடம் விழும். அவர் வெளிப்படையாகப் பின்பக்கம் சிவப்பு முத்திரை குத்தினார். பிற்காலத்தில் முத்திரை அழிக்கப்பட்ட படிகளும் கைமாறலாம்.

9. இப்போது முகம்

கண்களைப் பாருங்கள். அவை தாளை நோக்கித் தாழ்ந்திருக்கின்றன. உருவப்படம் என்றால் பார்ப்பவரைப் பார்ப்பது என்ற எதிர்பார்ப்பை இந்தப் படம் நிறைவேற்றவில்லை. இத்தனை கட்டங்களைத் தாண்டி வந்த பிறகு இதைச் சோகம் என்றோ கூச்சம் என்றோ எழுத உங்களுக்கு மனம் வராது. வாளைக் கழற்றியாயிற்று, கழுத்தைத் தளர்த்தியாயிற்று, ஆள் தன் வீட்டில் தன் வேலையில் இருக்கிறார். நாம் உள்ளே வந்ததை அவர் கவனிக்கவில்லை என்பதுபோல ஏற்பாடு. ஏற்பாடு என்ற சொல்லை மறக்காதீர்கள். யாரும் கவனிக்காதபோது பிடித்த கணம் அல்ல இது. வரைவு மேல் வரைவு போட்டு, சிக்ஸும் ரெம்பிராண்டும் சேர்ந்து முடிவு செய்த இயல்புத் தோற்றம்.

முகத்துக்கான கோடுகளும் இதற்கு ஒத்துப் போகின்றன. அறைக்குப் பயன்படுத்திய முரட்டு வலை முகத்துக்கு அருகில் வரவர மெலிந்து, கன்னத்தில் பொடிக் கீறல்களாகக் கரைகிறது. இதை எழுதும்போது "மென்மையான மனிதர்" என்று எழுதாமல், "மென்மையாகக் காட்டப்பட்ட மனிதர்" என்று எழுதுங்கள்.

10. வாழ்க்கை வரலாற்றைக் கடைசியில் திறவுங்கள்

சிக்ஸும் ரெம்பிராண்டும் பற்றி நமக்கு நிறையத் தெரியும். 1652இல் சிக்ஸின் நட்பு ஏட்டில் (நண்பர்கள் எழுதியும் வரைந்தும் தரும் ஏடு) ரெம்பிராண்ட் படம் வரைந்தார். 1653இல் சிக்ஸ் அவருக்கு 1,000 கில்டர் கடன் கொடுத்தார். 1654இல் ரெம்பிராண்ட் சிக்ஸை வரைந்த புகழ்பெற்ற வண்ண ஓவியம். 1655இல் சிக்ஸ், மருத்துவர் நிகோலாஸ் துல்ப்பின் மகள் மார்கரேதாவை மணந்தார். 1656இல் ரெம்பிராண்ட் திவாலானார். 1691இல், முதுமையில், சிக்ஸ் ஆம்ஸ்டர்டாமின் நகரத் தலைவர்களில் ஒருவரானார். இவற்றில் ஒன்றுகூட 1647இல் நடந்திருக்கவில்லை. எதிர்கால நகரத் தலைவரின் கம்பீரத்தையோ, பின்னால் வரப்போகும் கடனின் நிழலையோ இந்த இளைஞனின் நெற்றியில் தேடுவது வீண்வேலை. 1647க்குள் நடந்ததை மட்டும் வைத்து விளக்கத்தை எழுதி முடியுங்கள். பிறகு நடந்ததைத் தனிப் பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து நீங்களாகப் பார்க்க ஒரு படம் சொல்கிறேன்: அதே நூற்றாண்டு ஓவியர் ஆன்டனி வான் டைக்கின் தன்னுருவ எட்சிங். முதல் நிலையில் தகட்டின் மேற்பகுதியில் தலை மட்டும் இருக்கிறது. தோளைத் தாண்டித் திரும்பிப் பார்க்கிறார். கீழே ஏறக்குறைய முழுத் தகடும் வெறுமை. வான் டைக் இறந்த பிறகு, 1645இல் வெளிவந்த உருவப்படத் தொகுப்புக்காக, செதுக்குக் கலைஞர் யாகோப் நேஃப்ஸ் அதே தகட்டில் உளியால் வேலை செய்து அந்தத் தலையை ஒரு பீடத்தின் மேல் வைத்த மார்பளவுச் சிலையாக மாற்றி, தலைப்புப் பக்கமாக்கினார். முகத்தில் இருப்பது வான் டைக்கின் ஊசி, பீடத்தில் இருப்பது நேஃப்ஸின் உளி. இரண்டு நிலைகளையும் அருகருகே திறந்து, இந்த வழிகாட்டியின் இரண்டாம் பகுதியில் சொன்ன கோட்டு வேறுபாட்டில் இருந்து தொடங்குங்கள்.